நாட்டுப் பழமரங்கள், பெங்களூரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், லிங்கராஜபுரம், முருகேஷ்பாளையா பக்கம் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஊரைச் சுற்றியுள்ள பழைய தோப்புகளில் நல்ல தாய்மரங்களை, அதாவது ஒட்டுக்குக் குச்சி எடுக்கத் தகுந்த மரங்களை, தேடிக் குறித்து வைக்கிறோம், முடிந்த அளவு ஒட்டுக் கட்டுகிறோம். பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் ஏது தோப்பு? எல்லாம் கட்டடமாகத்தானே இருக்கிறது?

ஊருக்குள் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொஸ்கோட்டே, ஆனேக்கல் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையை ஒட்டியோ, ஊர் எல்லையிலோ பெரிய மரங்கள் கூட்டமாக நிற்கும். மா, பலா, நாவல், புளி, நடுநடுவே புங்கை, அரசு. இதற்குக் குண்டுதோப்பு என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லாத, ஊருக்கே சொந்தமான நிலம். நிழலில் மாடு கட்டுவார்கள், சந்தைக்குப் போகிற வண்டி இளைப்பாறும். மகசூலை ஊரார் பறித்துக்கொள்வார்கள், அல்லது ஏலம் விட்டு அந்தப் பணத்தை ஊர்ச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள்.

பல குண்டுதோப்புகள் இன்று பேருந்து நிறுத்தமாகவும் லேஅவுட்டாகவும் மாறிவிட்டன. சில இடங்களில் பஹணி எனும் நிலப் பதிவேட்டில் மட்டும் குண்டுதோப்பு என்று இருக்கும், நேரில் போனால் குப்பைமேடு இருக்கும்.

இன்னொரு வகை, தோட்டக்காரர்கள் வழிவழியாக வைத்திருந்த தனியார் தோட்டங்கள். லால்பாக்கை ஹைதர் அலி 1760இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரின் தோட்டவேலையில் திகளர் சமூகத்தின் கை இருந்திருக்கிறது. அவர்களின் வேர் தமிழ் மண்ணில்தான். பெங்களூரு கரகத் திருவிழாவை நடத்துவதும் அவர்களே. ஆகவே இந்த ஊர்ப் பழமரங்களைப் பற்றி நாம் பேசினால் அது வெளியூர்க்காரன் பேச்சு ஆகாது.

எதெல்லாம் நாட்டுப் பழமரம்? கொய்யா, சீத்தா, கொடுக்காப்புளி சேருமா?

இந்தக் கேள்வியில்தான் எப்போதும் சண்டை வரும். கொய்யா, சீத்தா, சப்போட்டா, கொடுக்காப்புளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் பாட்டிமார் கொல்லையில் இருந்ததாலேயே அவை இந்த நாட்டுத் தாவரமாகிவிடாது. புளியே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்றுதான் தாவரவியலார் சொல்கிறார்கள். ஆனால் அது இங்கே வந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன.

நாங்கள் முதலில் கவனிப்பது பலா, நாவல், விளா, நெல்லி, இலந்தை, களா, வில்வம், நறுவிலி, அத்தி. இவற்றோடு புளியையும் தேவனஹள்ளி பம்பளிமாஸையும் (எலுமிச்சை இனத்துப் பெரிய பழம்) சேர்த்துக்கொள்கிறோம். பிறப்பிடத்தை வைத்து மட்டும் கறாராகப் பிரித்தால் தோப்பில் பாதி மரத்தைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். ஒரு மரம் பல தலைமுறையாக விதையிலிருந்து வளர்ந்து, இந்த மண்ணுக்கென்று தனி ருசியும் குணமும் எடுத்திருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் கூட்டத்திலேயே இதை ஒப்பாதவர்கள் உண்டு.

இவை ஏன் குறைந்துகொண்டே வருகின்றன?

நிலத்தின் விலை ஏறியதுதான் முதல் காரணம். விமான நிலையம் 2008இல் திறந்த பிறகு தேவனஹள்ளிப் பக்கம் தோட்டமாக இருந்த நிலம் மனையாகப் பிரிந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதற்கு முன்பே யூக்கலிப்டஸ் வந்துவிட்டது. நட்டுவிட்டுப் போனால் சில வருடத்தில் வெட்டிக் காசாக்கலாம், காவல் வேண்டாம்.

பறிப்பது இன்னொரு சிக்கல். நாவல் உயரமான மரம், கிளை சட்டென்று முறியும். ஏறுகிற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலி நியாயமாகவே அதிகம். பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மூட்டை கட்டி அனுப்ப முடியாத பழத்துக்கு மண்டியில் மதிப்பு இல்லை. கடையில் நாவல் என்ன விலை விற்கிறது என்று நமக்குத் தெரியும். மரத்துக்காரருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அதற்கென்ன, புதிதாக ஆயிரம் கன்று நட்டுவிட்டால் போகிறது?

இந்தப் பேச்சைத்தான் நான் அதிகம் மறுக்க வேண்டியிருக்கிறது. கன்று நடும் விழாவில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஐம்பது அறுபது வருடப் பலாமரம் ஒன்று ரோட்டு அகலப்படுத்தலுக்குக் குறி போட்டு நிற்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

பலாவில் அயல் மகரந்தச் சேர்க்கை, அதாவது ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பூவில் சேர்வது, நடக்கிறது. ஆகவே விதையிலிருந்து வந்த ஒவ்வொரு மரமும் தனி மரம். ஒரே பழத்தின் பத்துக் கொட்டையை நட்டால் பத்து விதமான மரம் வரும். ஒன்று வருக்கை (சுளை கெட்டி), ஒன்று கூழன் (சுளை குழைவு). ஒன்று சித்திரையில் பழுக்கும், இன்னொன்று ஆடி வரை இழுக்கும். ஒன்றில் பால் கொட்டும், ஒன்றில் கைக்கு எண்ணெயே வேண்டாம். தொட்டபள்ளாபுரம் பக்கத்துத் தூபகெரே பலாவுக்குப் பேர்போன ஊர். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மட்டுமல்ல, மரத்துக்கு மரம் சுளையின் நிறமும் ருசியும் மாறும். வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, செம்பு நிறம் என்று வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். சிவந்த சுளைக்குச் சந்திர ஹலசு என்று பெயர், ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. சின்னதாய், உருண்டையாய், முள் மழுங்கி இருப்பது ருத்ராக்ஷி.

இப்படிப்பட்ட ஒரு மரத்தை வெட்டினால் போனது போனதுதான். அதன் கொட்டையை நட்டாலும் அதே மரம் திரும்ப வராது. ஆகவே வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: நிற்கிற மரத்தை முதலில் நிற்க வையுங்கள். அடுத்து அதிலிருந்து ஒட்டு எடுத்து இன்னும் சில இடங்களில் வையுங்கள். கன்று நடும் விழா அதற்கப்புறம்.

சித்து பலா என்கிறார்களே, அது என்ன கதை?

துமகூரு மாவட்டம் சேளூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலத்தில் இருந்த ஒற்றை மரம். பழம் சின்னது, சராசரி இரண்டரைக் கிலோ. சுளை செம்பு நிறம். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, லைகோப்பீன் என்ற நிறமிச் சத்து நிறைய இருப்பதைக் கண்டது. அந்த மரத்தைத் தாயாக வைத்து ஒட்டுக்கன்று உற்பத்தி செய்ய விவசாயியோடு ஒப்பந்தம் போட்டது. கன்று விற்ற பணத்தில் பெரும்பங்கு அவருக்கே போகும்படி ஏற்பாடு. ஷங்கரா என்ற இன்னொரு பலாவும் இதே வழியில் வந்ததுதான்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, மரத்தை வைத்திருந்தவர் வெறும் வேடிக்கை பார்க்கிறவர் ஆகவில்லை. ஒரு சின்னக் கவலையும் உண்டு. எல்லோரும் சித்துவையே நட்டால், சிவப்பாக இல்லாத, பேப்பரில் வராத நூறு நல்ல மரங்களை யார் பார்ப்பது?

ஒட்டுக் கட்டுவது கஷ்டமா? நானே செய்யலாமா?

செய்யலாம். கை பழக வேண்டும், அவ்வளவுதான். பலாவுக்கு இளந்தண்டு ஒட்டு நன்றாக வரும். மழைக்காலம், ஆனி முதல் ஆவணி வரை, தோதான நேரம்.

முதலில் கொட்டை போட்டு, ஒட்டைத் தாங்கப்போகும் வேர்ச்செடியைத் தயார் செய்யுங்கள். தண்டு பென்சில் கனம் வந்தால் போதும். தாய்மரத்தில் அதே கனமுள்ள, நல்ல வெயில் படும் நுனிக்கிளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு இலைகளை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்பை விட்டுவிடுங்கள். காம்புகள் தானே உதிரும், நுனிமொட்டு தடித்து வரும். அந்தப் பதத்தில் குச்சியை வெட்ட வேண்டும். வெட்டின குச்சியை ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே ஒட்டிவிடுவது நல்லது. தேவனஹள்ளியிலிருந்து டிராஃபிக்கில் வந்து சேர்வதற்குள் குச்சி வாடிவிடும் என்பதால் வேர்ச்செடிகளை வண்டியில் ஏற்றி மரத்தடிக்கே கொண்டு போவோம்.

வேர்ச்செடியை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவே இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சீவி ஆப்பு மாதிரி ஆக்க வேண்டும். சீவும்போது பலாப்பால் கசியும். அதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கிற வரை பொறுங்கள். கத்தியையும் ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள். ஆப்பைப் பிளவில் இறக்கும்போது ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் நேர்க்கோட்டில் சேர வேண்டும். இரண்டு தண்டும் ஒரே கனம் இல்லாவிட்டால் நடுவில் வைக்காதீர்கள், ஓரமாகத் தள்ளிச் சேருங்கள். பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே நீளமான பாலித்தீன் உறை ஒன்றைக் கவிழ்த்து, கீழே கட்டி, நிழலில் வைத்துவிடலாம். மூன்று நான்கு வாரத்தில் பச்சை முளை தெரியும். உறையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

புளிக்கும் நாவலுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். நாவலில் பட்டையோடு மொட்டைப் பெயர்த்து ஒட்டுகிறவர்களும் உண்டு.

விதையைச் சேமித்து வைத்தால் போதாதா?

புளி விதையைச் சேமிக்க முடியும். காய்ந்த புளியங்கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். பலாவும் நாவலும் அப்படி இல்லை. அந்தக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும், சாதாரணக் குளிர்ப்பெட்டியிலும் வைக்க முடியாது. பலாக்கொட்டையைச் சுளையிலிருந்து எடுத்துக் கழுவி அந்த வாரமே மண்ணில் போட்டுவிடுங்கள். நாவலும் அப்படியே. இவற்றுக்கு விதை வங்கி என்பது உயிரோடு நிற்கும் தோப்புதான். குண்டுதோப்பு போனால் வங்கியும் போகிறது.

காய்க்க எத்தனை வருடம் ஆகும்?

விதையில் வந்த பலா ஏழெட்டு வருடம், ஒட்டு மூன்று நான்கு. நாவல் விதையில் எட்டு முதல் பத்து. புளியும் அந்தக் கணக்குத்தான். விளா ரொம்பப் பொறுமை கேட்கும், விதைக்கன்று பதினைந்து வருடம்கூட இழுக்கும். களாவும் இலந்தையும் சீக்கிரம் தரும்.

எங்களுக்கு 30க்கு 40 மனைதான். எதை வைப்பது?

பலாவை வைக்காதீர்கள். 30 அடி விட்டமாவது கேட்கிற மரத்தைச் செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நட்டு, பத்து வருடம் கழித்து வெட்டச் சொல்லி மனுக் கொடுப்பது யாருக்கும் நல்லதில்லை. நாவலும் புளியும் அப்படியே. நெல்லி ஒன்று வைக்கலாம். இடம் இருந்தால் இரண்டாக வையுங்கள், காய்ப்பு கூடும். காம்பவுண்டை ஒட்டிக் களா நடலாம். முள்வேலியுமாயிற்று, ஊறுகாய்க்குக் காயுமாயிற்று.

அபார்ட்மென்ட் பால்கனியில் பெரிய தொட்டி வைத்தால் களா வரும். கவாத்து செய்துகொண்டே இருந்தால் இலந்தையும் வரும், ஆனால் முள் இருக்கிற செடி, வீட்டில் குழந்தை இருந்தால் யோசியுங்கள்.

பலா ஆசை அடங்கவில்லை என்றால், பக்கத்து அரசுப்பள்ளி, கோயில் நிலம், இன்னும் மிச்சமிருக்கும் குண்டுதோப்பு என்று பாருங்கள். அனுமதி வாங்கி நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எழுத்தில் ஒருவர் பெயரில் வையுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் மாசி பங்குனியில் கன்று காய்ந்திருக்கும்.

பழம் எங்கே, எப்போது கிடைக்கும்? கடையில் கேட்டால் புரியவில்லை என்கிறார்கள்.

கன்னடப் பெயரில் கேளுங்கள். நாவலுக்கு நேரளே, பலாவுக்கு ஹலசு, விளாவுக்கு பேல, இலந்தைக்கு எலச்சி, புளிக்கு ஹுணசே, பம்பளிமாஸுக்கு சக்கோத்தா. ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் தமிழிலேயே பேசிவிடலாம், அது வேறு.

இலந்தை மார்கழி, தை. சங்கராந்திக்கு இந்த ஊர்க்காரர்கள் இலந்தைப்பழத்தையும் கரும்புத்துண்டையும் காசோடு சேர்த்துக் குழந்தைகளின் தலையில் கொட்டிச் சுற்றிப்போடுவார்கள், அந்த வாரம் மார்க்கெட் முழுக்க எலச்சிதான். புளி மாசி, பங்குனி. பலா சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரை, நாவல் ஆனி ஆடி. மே, ஜூனில் லால்பாக்கில் மாம்பழ, பலாப்பழ மேளா நடக்கும். ஹாப்காம்ஸ் எனும் தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடைகளிலும் பருவத்துப் பழம் வரும். விளாம்பழத்தை நாம் விநாயகர் சதுர்த்திக்குத் தேடுவோம், இங்கே ராமநவமிக்கு அதில் பானகம் கரைப்பார்கள். இரண்டு பண்டிகைக்கும் வாங்குங்கள். வாங்குகிறவர் இருந்தால்தான் அடுத்த வருடமும் ஒருவர் அந்த மரத்தில் ஏறுவார்.

விளாம்பழம் பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். துள்ளினால் காய். 'தொப்' என்று விழுந்த இடத்திலேயே கிடந்தால் பழம். காம்புப் பக்கம் மோந்தும் பார்க்கலாம், வாசனை ஓட்டைத் தாண்டி வரும். உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள்.

தேவனஹள்ளி பம்பளிமாஸில் என்ன விசேஷம்?

மற்ற பம்பளிமாஸில் இருக்கும் கசப்பு இதில் இல்லை. சுளை சிவந்து, இனிப்பாக இருக்கும். புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. ஆனால் குறியீடு கிடைத்ததால் மரம் கூடிவிடாது. விளைந்த நிலமெல்லாம் விமான நிலையத்தைச் சுற்றி இருந்தது, அதுதான் விவகாரம். இதன் ஒட்டுக்கன்று கிடைத்தால் கிணறும் கொஞ்சம் இடமும் உள்ளவர்கள் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்ட ஒரு பழைய தோப்பு சொல்லுங்களேன்.

நல்லூர்ப் புளியந்தோப்பு. தேவனஹள்ளியிலிருந்து பக்கம். 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், சுமார் 53 ஏக்கர். சோழர் காலத்துத் தோப்பு என்று ஊரில் சொல்வார்கள். சோழர் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும், இருக்கட்டும். அடிமரங்கள் முறுக்கேறி, சில உள்ளே பொந்தாகி, ஆனாலும் மேலே தளிர்விட்டு நிற்கின்றன. சிதைந்த கோயில் ஒன்றும் உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். காயைக் கல்லால் அடிக்க வேண்டாம்.

ஊரில் தாத்தா வைத்த தோப்பு இருக்கிறது. சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் விற்றுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேர் உள்ள அனேகம் பேர் கேட்கும் கேள்வி இது. குடும்ப விஷயத்தில் நாங்கள் தலையிட முடியாது. ஆனால் பத்திரம் போடுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்துவிடுங்கள். பழம் இருக்கும் பருவத்தில் ஒருமுறை போய், பெரியப்பாவையே கூட்டிக்கொண்டு மரம் மரமாக நடங்கள். எது முதலில் பழுக்கும், எது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும், எந்தப் புளியில் சதை அதிகம், எந்தப் பலாவை வீட்டுக்கு வைத்துக்கொண்டு எதைச் சந்தைக்கு அனுப்புவார்கள் என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். போனில் இடக்குறியும் பழத்தை அறுத்த படமும் வைத்துக்கொள்ளுங்கள். நல்லது என்று அவர் கைகாட்டுகிற இரண்டு மூன்று மரத்திலிருந்து ஒட்டு எடுத்துவிட்டால், நிலம் கைமாறினாலும் மரம் உங்களோடு வரும். இப்படி நடந்துபோன சில குடும்பங்களில் விற்கிற பேச்சே கொஞ்சம் தள்ளிப்போனது. எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஆகாது.

மரத்தை அரசிடம் பதிவு செய்ய முடியுமா?

இரண்டு வழி உண்டு. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் கீழ் உழவர் ரகமாகப் பதியலாம், உழவருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மர வகைகளுக்குப் பாதுகாப்பு 18 வருடம் வரை. காகித வேலை கொஞ்சம் உண்டு, தோட்டக்கலை நிறுவனத்தின் துணையோடு செய்வது எளிது. மற்றொன்று, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் கேட்டு, தாய்மரத்தை அதில் எழுதச் சொல்லுங்கள். பதிவேடு அலமாரியிலிருந்து வெளியே வர இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும்.

வீட்டு முன்னால் உள்ள நாவல்மரம் காரெல்லாம் கறையாக்குகிறது. வெட்டலாமா?

காரை ஒரு மாதம் தள்ளி நிறுத்துங்கள். இல்லையென்றால் பழம் விழும் நாட்களில் கீழே பழைய வலை கட்டுங்கள், பழமும் நசுங்காமல் கிடைக்கும். வெட்டுவது என்றால் 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எந்த மரமானாலும் மர அதிகாரியிடம் கேட்காமல் கோடரியை எடுக்க வேண்டாம்.

நம்பிக்கையான கன்று எங்கே வாங்குவது?

ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகம், தோட்டக்கலைத் துறையின் நாற்றுப்பண்ணைகள். மழை தொடங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள், நல்ல ஒட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். கன்னடத்தில் 'கசி கிட' என்று கேட்டால் ஒட்டுக்கன்று தருவார்கள். வாங்கும்போது ஒட்டின இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு சீராக ஆறியிருக்க வேண்டும், நாடா தண்டுக்குள் பதிந்திருக்கக் கூடாது. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் வந்திருந்தால் அது வேர்ச்செடியின் துளிர், கிள்ளிவிடுங்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.